இனம் என்ற இடத்தில்

ஜூன் 2, திங்கள்

கண்காணிப்புப் பதிவேட்டில் ஒரு நாளைக்கு ஒரு வரிதான் இடம் விட்டிருக்கிறார்கள். இன்றைய வரியை எழுதிவிட்டேன்: "முதல் நாள். நாய் உயிருடன் உள்ளது. உணவு, நீர் உட்கொண்டது." அதில் அடங்காததை எழுதுவதற்கு மருந்துக் கம்பெனி கொடுத்த டைரியை எடுத்தேன். போன வருடத்து டைரி, கிழமையெல்லாம் தப்பு. ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியான கிழமையை எழுதிக்கொள்கிறேன். அரசாங்கத்தில் இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். எழுதியது தப்பு என்றால் வெள்ளை மை பூசக் கூடாது, கிறுக்கி மறைக்கக் கூடாது. ஒற்றைக் கோடு. பழையது படிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் சுருக்கொப்பம்.

நடந்தது இது. நேற்று மாலை ஐந்தரை மணிக்கு, பைபாஸ் பக்கத்து லைன் வீட்டில், மிதுனா என்ற ஆறு வயதுக் குழந்தையைப் பக்கத்து வீட்டு நாய் கடித்தது. வலது முன்கை. இங்கே அரசு ஆஸ்பத்திரியில் காயத்தைக் கழுவி, ஊசியெல்லாம் போட்டு, ராத்திரியே கோயமுத்தூருக்கு அனுப்பிவிட்டார்கள். இன்றைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிற நாள். ஒன்றாம் வகுப்புக்குப் போக வேண்டிய குழந்தை.

நாயின் பெயர் மைனர். ஆண், மூன்று வயதிருக்கும், முப்பத்தொரு கிலோ. வளர்ப்பவள் கோகிலவாணி, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, தனியாக இருக்கிறாள். கடித்த நாயைப் பத்து நாள் உயிரோடு வைத்துப் பார்க்க வேண்டும். பத்தாம் நாளும் நன்றாக இருந்தால், கடித்தபோது அதற்கு வெறிநோய் இல்லை என்று அர்த்தம். இது தெரியாமல் லைன் வீட்டு ஜனம் கட்டையோடு நின்றிருக்கிறது. ஸ்டேஷன் ஏட்டு வந்து, "பத்து நாளைக்கு அதைத் தொடப்படாது. பொறவு பாத்துக்கலாம்" என்று சொல்லி, மினி வேனில் ஏற்றி நம் கால்நடை மருந்தகத்தில் விட்டுப் போனார்.

பின்னால் இருக்கிற பழைய கன்றுக் கொட்டகையில் கட்டியிருக்கிறேன். கம்பிக் கதவு கெட்டியானது. உதவியாளர் தெய்வாத்தாள் எந்தக் காளையையும் மூக்கைப் பிடித்து நிறுத்துவாள், நாய் என்றால் மட்டும் நாலடி தள்ளித்தான் நிற்பாள்.

"ஏனுங்க டாக்டரம்மா, இது நாயிங்களா, பன்னிங்களா? மூஞ்சி முறத்தாட்டம் இருக்குது!"

நாயோடு அதன் தடுப்பூசிப் புத்தகமும் வந்தது. ஊசிகள் எல்லாம் தேதி தவறாமல் போடப்பட்டுள்ளன. இனம் என்ற இடத்தில் "லேப் கலப்பு", அதாவது லாப்ரடார் கலப்பினம், என்று எழுதப்பட்டுள்ளது.

குழந்தையின் தாய் பெயர் மலர்க்கொடி. முன்பின் பார்த்த ஞாபகம் இல்லை.

ஜூன் 3, செவ்வாய்

"இரண்டாம் நாள். நாய் உயிருடன் உள்ளது. குணமாற்றம் இல்லை."

காலையில் மூன்று சினை ஊசி, ஒரு மடி நோய், ஒரு கிடாரிக்கு வயிற்று உப்புசம். உப்புசம் இறங்கியது. கிடாரிக்காரர் போகும்போது கொட்டகையை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார். இன்றைக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்கு மாட்டைவிட நாயைப் பார்ப்பதுதான் வேலை.

பால் சொசைட்டியில் மருந்து கொடுக்கப் போனேன். அங்கே சட்டசபையே கூடியிருந்தது.

"இந்த ரகத்தையே நாட்டுக்குள்ள உடக் கூடாதுங்க. புலியக் கொண்டாந்து ஊட்ல கட்டுவாங்களா?" என்றார் ஒருவர்.

"ஏன், எங்கூட்டுக் கோம்பை போன வருசம் தபால்காரரைக் கடிக்கலீங்களா? வளக்கறவன் கையில இருக்குதுங்க எல்லாம்" என்றார் இன்னொருவர்.

"உங்க கோம்பை கடிச்சுட்டு உட்டுருச்சு. இது உடலையாமா!"

"டாக்டரம்மாவையே கேட்டுப்போடலாம்."

நான், "பேப்பர்ல தடைன்னு போட்டாங்க. அப்புறம் கோர்ட்ல இருக்குதுன்னு போட்டாங்க. எங்களுக்கு எழுத்துல ஒண்ணும் வரலைங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். அசல் அரசாங்கப் பதில்.

ஒரு வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். போன ஜூலையில் பெண்கள் பள்ளியில் பேசக் கூப்பிட்டார்கள். இனத்தில் ஒன்றுமில்லை, வளர்ப்பில்தான் எல்லாம் என்று அரை மணி நேரம் பேசினேன். கையை நீட்டித் தழும்புகளைக் காட்டினேன். கட்டைவிரலில் இருப்பது பொமரேனியன். மணிக்கட்டில் டாஷ். முழங்காலில் ராஜபாளையம். எல்லாவற்றையும்விடப் பெரியது ஒரு பூனை போட்டது. பிள்ளைகள் கை தட்டினார்கள். நன்றாகத்தான் பேசினேன்.

மைனர் கம்பி வழியாக மூக்கை நீட்டி என் கையை முகர்ந்தான். வால் ஆட்டினான். அவனுக்கு என்னைத் தெரியும்.

ஜூன் 4, புதன்

"மூன்றாம் நாள்." மற்றது மேற்படி.

தெய்வாத்தாள் லைன் வீட்டுச் சேதி கொண்டுவந்தாள். குழந்தைக்கு இரண்டு மணி நேரம் தையல் போட்டார்களாம். சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்கவில்லையாம். நரம்பு அடிபட்டிருக்கிறது, மூன்று மாதம் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். தாயும் தகப்பனும் ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறார்கள்.

"அப்ப ஆட்டை யார் பாத்துக்கறாங்க?" என்று கேட்டேன்.

"எந்த ஆட்டைங்க?"

"அவங்க வீட்டுல ஆடு இருக்குதுன்னு யாரோ சொன்னாங்க."

"யாருங்க சொன்னா? எனக்கே தெரியாதுங்களே" என்றாள் தெய்வாத்தாள். ஊர்ச் சேதியில் அவளுக்குத் தெரியாதது இருந்தால் அவளுக்குக் கோபம் வரும்.

பேச்சை மாற்றி, பிரிட்ஜில் மருந்துக் கணக்கை எடுக்கச் சொன்னேன்.

மாலையில் கோகிலவாணி வந்தாள். கம்பெனி விட்டு நேராக வந்திருக்கிறாள், தலையில் பஞ்சுத் தூசி. கொட்டகைக்குப் பக்கத்தில் போகவில்லை. வேப்ப மரத்தடியில் நின்று தூர இருந்து பார்த்தாள். மைனர் அவள் வாசம் பட்டதும் ஊளையிட ஆரம்பித்துவிட்டான். அப்போதும் போகவில்லை.

நடந்ததை அவள் வாயாலேயே கேட்டேன்.

"மிதுனாக்குட்டி எப்பவும் எங்கூட்லதானுங்க கெடக்கும். ஒரு வருசமா அவனோடதான் வெளையாட்டு. மேல ஏறி உக்காந்துக்கும், காதைப் புடிச்சு இழுக்கும், ஒண்ணுஞ் சொல்ல மாட்டான். நேத்து... நேத்தென்ன, ஞாயித்துக்கெழம, நான் துணி மடிச்சுட்டு இருந்தனுங்க. கேட்டுக்கு வெளிய ஒரு தெருநாய் வந்துச்சு. இவன் கம்பியில பாஞ்சான். புள்ள, 'வேண்டாம் மைனரு'ன்னு சொல்லிக் கழுத்துப் பெல்ட்டைப் புடிச்சு இழுத்துருக்குது. திரும்பிட்டானுங்க."

"விட்டானா?"

"உடலைங்க. தண்ணி ஊத்துனேன், அடிச்சேன், உடலை. பொறவு நீங்க சொல்லிக் குடுத்தாப்பல பெல்ட்டுக்குள்ள தொடப்பக் கட்டையக் குடுத்து முறுக்குனேன். மூச்சு முட்டித்தான் வாயைத் தொறந்தான்."

முறுக்கத் தெரியாமல் இருந்திருந்தால் கை போயிருக்கும். இதைத் தெரிந்துகொண்டதில் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை.

ஜூன் 5, வியாழன்

"நான்காம் நாள். குணமாற்றம் இல்லை."

இந்த வரி முழுப் பொய் இல்லை. வெறிநோய்க்கான குணமாற்றம் இல்லை. ஆனால் இன்று பதினொரு மணிக்கு ஒன்று பார்த்தேன்.

கொட்டகைக்குள் போய்த் தண்ணீர்ச் சட்டியை மாற்றிக்கொண்டிருந்தேன். மைனர் புரண்டு படுத்து வயிற்றைக் காட்டினான். சொறிந்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டான். அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு தெருநாய் போனது, குரைக்கக்கூட இல்லை. மைனர் எழுந்த வேகத்தில் நான் சுவரில் சாய்ந்துவிட்டேன். அவன் குரைக்கவில்லை, உறுமவில்லை. வால் நிமிர்ந்து உடம்பு முழுதும் விறைத்து நின்றது. "மைனரு" என்றேன். காது அசையவில்லை. வயிற்றைக் காட்டிய நாய் அங்கே இல்லை. தெருநாய் திரும்பி மறைந்தபின் அரை நிமிடம் கழித்து அவன் வந்து என் கையை நக்கினான்.

வெளியே வந்து கதவைப் பூட்டினேன். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். பயந்தேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

இவன் முதலில் இங்கே வந்தது இரண்டு வருடத்துக்கு முன்னால். கோகிலவாணி ஒரு கோணிச் சாக்கில் சுற்றித் தூக்கி வந்தாள். ஒரு வயதுகூட ஆகியிருக்காது. காதுகளை பிளேடால் அறுத்திருந்தார்கள். கழுத்திலும் முன்னங்காலிலும் பல் பதிந்த காயங்கள், சில பழையவை, சில புதியவை. யாரோ ஒருவன் தோட்டத்தில் நாய்ச் சண்டை விடுகிறான், தோற்றதை ரோட்டோரம் வீசிப் போயிருக்கிறான். கம்பெனி வேனில் வரும்போது இவள் பார்த்திருக்கிறாள். இருபத்தாறு தையல் போட்டேன். தையல் போடும்போது அது என்னைக் கடிக்கவில்லை. உள்ளங்கையில் தலையை வைத்துக்கொண்டு படுத்திருந்தது. எத்தனையோ ஆயிரம் உயிர்களைத் தொட்டிருக்கிறேன், இதன் மேல் ஒரு பாசம் விழுந்துவிட்டது. மறைக்க ஒன்றுமில்லை.

ஜூன் 6, வெள்ளி

"ஐந்தாம் நாள். நாய் உயிருடன் உள்ளது."

ஏட்டு தபாலோடு வந்தார். ஸ்டேஷனிலிருந்து எனக்கு மூன்று கேள்வி. ஒன்று, நாய்க்கு வெறிநோய் உண்டா. இரண்டு, நாயின் இனம் என்ன. மூன்று, அது மனிதர்களோடு இருக்கத் தக்கதா. பதினொன்றாம் தேதி எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும்.

"ரெண்டாவதுதாங்க முக்கியம்" என்றார் ஏட்டு. "வாடகைக்கு உட்டவரு ஸ்டேஷன்ல வந்து குதிக்கறாரு. லேப்புன்னு புத்தகத்தைக் காட்டித்தான் ஊட்டுக்குள்ள வந்தா, இது லேப்பு இல்லைன்னு இப்ப ஊரே சொல்லுது, என்னைய ஏமாத்திப்புட்டான்னு. புள்ளையப் பெத்தவங்களும் அதேதான் சொல்றாங்க. அந்தப் பொம்பளையக் கேட்டோம். ஒத்துக்கிட்டா."

"என்னன்னு?"

"லேப் கலப்புன்னு டாக்டரம்மாகிட்ட அவதான் பொய் சொல்லி எழுத வெச்சாளாம். டாக்டரம்மாவுக்கு ஒண்ணுந் தெரியாதாம். ஏமாத்துனதுக்குச் சேத்து கேஸ் எழுதறோம். நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க. உங்க பேரு அடிபடாது."

அவருக்கு டீ வாங்கி வரச் சொன்னேன். குடித்துவிட்டு, நம்மூரில் மழை எப்போது வரும் என்று பேசிவிட்டுப் போனார்.

இரண்டு எருமைக்குச் சினைப் பரிசோதனை. ஒன்று நான்கு மாதம், ஒன்று சினையில்லை.

ஜூன் 7, சனி

"ஆறாம் நாள். நாய் உயிருடன் உள்ளது." நானும்.

ஜூன் 8, ஞாயிறு

விடுமுறை. ஆனாலும் நாய்க்குச் சோறு வைக்க வர வேண்டியிருந்தது. தெய்வாத்தாளும் வந்துவிட்டாள். நாலடி இரண்டடியாகக் குறைந்திருக்கிறது. "நம்மளப் பாத்தா மட்டும் பச்சப் புள்ளையாட்டம் படுத்துக்கறான். திருட்டுப் பய" என்று திட்டிக்கொண்டே ஒரு கரண்டி கூடப் போட்டாள்.

பத்து மணிக்குக் கோகிலவாணி வந்தாள். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

"ஸ்டேஷன்ல எதுக்கு அப்படிச் சொன்னே?"

"வேற எப்படிங்க சொல்றது?"

"நடந்ததைச் சொல்றது."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்க எனக்கோசரம் எழுதுனீங்க. நாந்தானுங்க வந்து அழுதேன். உங்க வேலைக்கு வம்பு வந்தா நல்லா இருக்குங்களா? எனக்கென்னங்க, கம்பெனி இல்லீன்னா இன்னொரு கம்பெனி. நீங்க கவருமெண்டு."

"உன் மேல கேஸ் வரும்."

"வரட்டுங்க. அந்தப் புள்ள கையைப் பாத்தனுங்க. எனக்கு இந்தக் கேஸே பத்தாதுங்க."

சரி. எழுதிவிடுகிறேன். டைரியில் ஒளித்து என்ன ஆகப்போகிறது?

போன வருடம் ஏப்ரலில் அவள் குடியிருந்த வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். எங்கே போனாலும் நாயைப் பார்த்துக் கதவைச் சாத்தினார்கள். கடைசியில் இந்த லைன் வீட்டுக்காரர், "நாய் இருந்தா இருக்கட்டும், ஆனா பேப்பர்ல வர்ற அந்த ரகம் ஆகாது, புத்தகத்தைக் காட்டு" என்றாராம். இந்தப் பக்கம் இப்போது வீடு பார்க்கப் போனால் ஆதார் நகலோடு நாயின் புத்தகத்தையும் கேட்கிறார்கள். இவளிடம் இருந்த புத்தகத்தில் இனம் என்ற இடம் காலியாக இருந்தது. நான்தான் காலியாக விட்டிருந்தேன். அவள் வந்து மேசைக்கு அந்தப் பக்கம் நின்று அழுதாள். வீடு கிடைக்காவிட்டால் நாயை எங்காவது விட வேண்டும், விட்டால் அந்தத் தோட்டத்துக்காரன் கையில்தான் மறுபடி சிக்கும் என்றாள். கொட்டகையில் ஒரு மாடு கன்று போட முக்கிக்கொண்டிருந்தது. நான் பேனாவை எடுத்து எழுதினேன். லேப் கலப்பு. பத்து எழுத்துகூட இல்லை. சீல் வைத்தேன்.

வாயால் எல்லாம் சொன்னேன். தெருநாயைக் கண்ணில் காட்டாதே, வெளியே போனால் வாய்க்கூடு போடு, பிடித்தால் விடாது, பெல்ட்டில் கட்டையைக் கொடுத்து முறுக்கு என்று சொன்னேன். அவளுக்குத்தான் சொன்னேன். அடுத்த வீட்டுக்காரர்கள் புத்தகத்தை மட்டும் பார்த்தார்கள்.

ஜூன் 9, திங்கள்

"எட்டாம் நாள்."

மலர்க்கொடி வந்தார். குழந்தையை நேற்று வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்களாம். நாய் உயிரோடு இருக்கிறதா என்று கேட்டுவரச் சொல்லி ஆஸ்பத்திரியில் அனுப்பியிருக்கிறார்கள். இருபத்தெட்டு, முப்பது வயதிருக்கும். தூங்காத முகம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"இருக்குதுங்களா?"

"இருக்குதும்மா. நல்லா இருக்குது. பயப்பட வேண்டாம்."

"அது நல்லா இருந்தாத்தான் எம்புள்ளைக்கு நல்லதுங்கறாங்க. என்ன கெரகம் பாருங்க, எம்புள்ளையக் கடிச்சது நல்லா இருக்கோணும்னு நானே சாமி கும்புடறேன்."

குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"இடது கையில சிலேட்டுக்குச்சி புடிச்சு எழுதிப் பழகறா. 'அம்மா, எனக்கு ரெண்டு கையும் வரும்'ங்கறா. பெருமைங்க அவளுக்கு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் ஒண்ணும் கண்ண மூடிட்டு உடலைங்க டாக்டரம்மா. அந்த மூஞ்சியப் பாத்தப்பவே எனக்கு நம்பிக்கையில்லீங்க. அதனாலதானுங்க போன ஆடியில உங்ககிட்ட வந்து கேட்டேன்."

நான் மேசையில் இருந்த ரப்பர் ஸ்டாம்பை இடம் மாற்றி வைத்தேன்.

"ஆட்டுக்குக் கழிச்சல்னு கூட்டியாந்தனுங்க. நீங்க கை கழுவிட்டு இருந்தீங்க. பக்கத்து ஊட்டு நாய் ஒரு மாதிரி இருக்குதுங்க, புள்ள போயிப் போயி வெளையாடறா, பயமில்லீங்களான்னு கேட்டேன். 'என்ன ரகம்னு புத்தகத்துல போட்டிருக்கும், பாத்துக்கோம்மா'ன்னீங்க. போயிப் பாத்தேன். லேப்புன்னு போட்டு உங்க சீலும் இருந்துச்சு. பொறவுதான் உட்டேன்." அவர் ஒரு அடி முன்னால் வந்தார். "அவ உங்களையே ஏமாத்திப்புட்டா பாருங்க. ஒரு டாக்டரையே ஏமாத்தறவ என்னைய ஏமாத்தறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? உங்களுக்கு ஞாபகம் இருக்குதுங்களா, நான் வந்தது?"

"தெனம் எத்தனையோ பேர் வர்றாங்க. ஞாபகம் இல்லம்மா" என்றேன்.

"அது சரிங்க" என்றார். கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஜூன் 10, செவ்வாய்

"ஒன்பதாம் நாள். நாய் உயிருடன் உள்ளது."

கோகிலவாணி இனி அவனை வைத்துக்கொள்ள முடியாது, அவளே சொல்லிவிட்டாள். ஆனைமலைப் பக்கம் நாய்க் காப்பகம் நடத்துகிற ஒருவருக்குப் போன் செய்தேன். முப்பது நாய் வைத்திருக்கிறார்.

"என்ன ரகமுங்க?"

"புத்தகத்துல லேப் கலப்புன்னு இருக்குது."

"புத்தகத்தை உடுங்க. நாய் என்னதுங்க? லேப்புன்னா மத்ததுங்ககூட ஒண்ணா உடுவேன். அந்த ரகம்னா தனிக்கூண்டு, ரெட்டைக் கதவு. நீங்க மாத்திச் சொன்னீங்கன்னா மொத ராத்திரியே எனக்கு நாலு நாய் போயிரும். அதனால எழுதிக் குடுங்க, கையெழுத்துப் போட்டு. வாய்ச் சொல்லுக்கு நான் நாயெடுக்கறதில்லை."

போனை வைத்தேன். தன் முப்பது நாய்களுக்காக அந்த மனிதர் கேட்ட கேள்வியை மலர்க்கொடி தன் ஒரு குழந்தைக்காகப் போன ஆடியிலேயே கேட்டார். அவருக்கும் எழுத்தில்தான் பதில் கிடைத்தது.

பள்ளியில் பேசியதை நினைத்துப் பார்த்தேன். பொய் இல்லை, பாதிதான். கடிப்பதும் கடிக்காததும் வளர்ப்பில் இருக்கலாம். கடித்தால் என்ன ஆகும் என்பது தாடையில் இருக்கிறது. என் கையில் பொமரேனியன் போட்டதற்கு ஒரு பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு மத்தியானமே மாட்டுக்கு ஊசி போட்டேன். மைனர் கெட்ட நாய் இல்லை. கோகிலவாணி மோசமாக வளர்க்கவும் இல்லை. பாசமாக வளர்ந்த நாய் ஒரு வருடத்தில் ஒரே ஒரு தடவை தவறியது. தெருநாயைக் கண்ணில் காட்டாமல் ஒரு நாயை லைன் வீட்டில் வளர்க்க முடியாது. அது எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் இருந்தது.

ஜூன் 11, புதன்

"பத்தாம் நாள். நாய் உயிருடன் உள்ளது. வெறிநோய் அறிகுறி இல்லை. கண்காணிப்பு முடிந்தது."

அறிக்கை எழுதினேன். ஒன்று: வெறிநோய் இல்லை. இரண்டு: பிட்புல். மூன்று: குடியிருப்புப் பகுதியில் வைக்கத் தக்கதல்ல, தனிக்கூண்டில் வைக்க வேண்டும். நான்காவது கேள்வி தபாலில் இல்லை. பதிலை மட்டும் எழுதினேன்: "தடுப்பூசிப் புத்தகத்தில் இனத்தை லேப் கலப்பு என்று எழுதியது நான். உண்மை தெரிந்தே எழுதினேன். கோகிலவாணி என்னை ஏமாற்றவில்லை." ஒரு நகல் இணை இயக்குநருக்கு. விளக்கம் கேட்பார்கள். விளக்க ஒன்றுமில்லை.

பிறகு புத்தகத்தை எடுத்தேன். லேப் கலப்பின் மேல் ஒற்றைக் கோடு. பக்கத்தில் பிட்புல். சுருக்கொப்பம், தேதி.

ஏட்டு அறிக்கையை இரண்டு தடவை படித்தார். "டாக்டரம்மா, இந்தக் கடைசி வரி தேவைங்களா? உங்களை யாரும் கேக்கலியே" என்றார். தேவை என்றேன். தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். டீ வேண்டாம் என்றுவிட்டார்.

காப்பகத்து வண்டி பன்னிரண்டு மணிக்கு வந்தது. கோகிலவாணி கம்பெனிக்கு லீவு போட்டு வந்திருந்தாள். பத்து நாளில் முதல் தடவையாகக் கதவருகில் போனாள். வாய்க்கூட்டை அவளே மாட்டினாள். அவன் முகத்தைத் தன் தாவணியால் துடைத்துவிட்டாள். "போயிட்டு வாடா" என்று சொல்லவில்லை. "போ" என்றாள். தெய்வாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் வண்டி எண்ணைப் பதிவேட்டில் எழுதினேன். எழுதி முடித்துத்தான் நிமிர்ந்து பார்த்தேன், வண்டி போயிருந்தது.

மூன்று மணிக்கு மலர்க்கொடி வந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க அறிக்கையின் நகல் வேண்டுமென்றார். எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். எழுத்துக்கூட்டி மெதுவாகத்தான் படிப்பார் போலிருக்கிறது. இரண்டாவது வரியில் நின்றார். பிறகு கடைசி வரியில்.

"அப்ப உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும்."

"நான் வந்து கேட்டன்னைக்கும்?"

"அன்னைக்கும்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். காகிதத்தை நாலாக மடித்து, பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினார்.

"கடிச்ச நாயைப் பத்து நாள் பக்கத்துலயே இருந்து பாத்தீங்க" என்றார். "எம்புள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க."

அவ்வளவுதான் சொன்னார். இந்தத் தடவை கும்பிடவில்லை.

இப்போது மணி ஐந்து. தெய்வாத்தாள் கொட்டகையைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். டைரியைப் பூட்டி வைப்பதற்கு முன்னால் நான் எழுதிய முதல் பக்கத்தைப் புரட்டினேன். ஜூன் இரண்டாம் தேதி. "முன்பின் பார்த்த ஞாபகம் இல்லை" என்று எழுதியிருக்கிறேன். ஒன்பதாம் தேதி அவர் முகத்துக்கு நேராகவும் அதையே சொல்லியிருக்கிறேன்.

முதல் பக்கத்து வரியின் மேல் ஒற்றைக் கோடு போட்டேன். பழையது படிக்கும்படி இருக்கிறது. பக்கத்தில் எழுதினேன்: கறுப்பு வெள்ளாடு. இடது காது மடிந்தது. மூன்று நாளாகக் கழிச்சல். பச்சைப் பாவாடை போட்ட குழந்தை ஆட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலது கையில்.

சுருக்கொப்பம் வைத்துத் தேதி போட்டேன்.